படகுக்காரியின் இடது கன்னம்

பிப்ரவரி 3

சின்னவளுக்கு அக்கா எழுதுவது.

நலமா என்று பொதுவாகக் கேட்டால் ‘ம்’ என்று ஒரு எழுத்தில் முடித்துவிடுவாய். அதனால் தனித்தனியாகக் கேட்கிறேன். முழங்கால் எப்படி இருக்கிறது? படியேறும்போது இன்னும் சத்தம் வருகிறதா? உன் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை இறங்கியதா? எனக்கு இருமல் மட்டும்தான். அது கூடவே இருந்து பழகிவிட்டது.

போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். நான் பேச ஆரம்பித்ததும் உனக்குக் கடையில் ஆள் வந்துவிடுகிறது. கடிதத்தைப் பாதியில் வைக்க முடியாது.

ஏப்ரலில் நடக்கும் ரசிகர் சந்தையில் எனக்கு ஒரு மேசை கிடைத்திருக்கிறது. கன்வென்ஷன் என்று அவர்கள் சொல்வார்கள். படக்கதை, கார்ட்டூன், கம்ப்யூட்டர் விளையாட்டு என்று பைத்தியமாக இருப்பவர்கள் ஒரு பெரிய கூடத்தில் சேர்வார்கள். பாதிப் பேர் தங்களுக்குப் பிடித்த பாத்திரம் மாதிரி வேஷம் கட்டிக்கொண்டு வருவார்கள். என்னைப் போலச் சொந்தமாகப் படம் போடுகிறவர்கள் ஆளுக்கொரு மேசை போட்டு விற்போம். கேட்டவர்களில் பாதிப் பேருக்கு இடம் இல்லை. எனக்கு யாரும் வரையச் சொல்லித்தரவில்லை. டெலிபோன் ஆபீஸ் கவுன்ட்டரில் உட்கார்ந்து வீணான ரசீதுகளின் பின்பக்கத்தில் நானே கற்றுக்கொண்டேன். கல்லூரியில் படித்தவர்கள் வெளியே நிற்கிறார்கள், நான் உள்ளே உட்காரப்போகிறேன். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

படகுக்காரி ஐந்தாவது புத்தகம் முடிந்தது. தண்ணீரில் மூழ்கிப்போன ஊர், மொட்டைமாடி மொட்டைமாடியாகப் படகு தள்ளிக்கொண்டு போய்ச் சாமான் கொடுக்கும் ஒருத்தி. ஒவ்வொரு புத்தகத்திலும் அவளுக்கு வயது ஏறும். இப்போது தலை நரைத்துவிட்டது. மற்றவர்களுடைய கதாநாயகிகளுக்கு வயதே ஆவதில்லை. எனக்கு அது பிடிப்பதில்லை.

மேசைக்கு இரண்டு நாற்காலி தருவார்கள். இரண்டாவதில் எப்போதும் என் பையை வைப்பேன். எத்தனையோ சந்தை பார்த்துவிட்டேன், நீ ஒன்றுக்கும் வந்ததில்லை. இந்த முறையாவது வா.

உன் அக்கா


பிப்ரவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

முழங்காலில் சத்தம் வருகிறது, வலி இல்லை. அவருக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது, கோபம்தான் இறங்கவில்லை. இருமலுக்கு மருந்து சாப்பிடு. பழகிவிட்டது என்று எழுதாதே.

ஏப்ரலில் வர முடியாது. மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் புது மெஷின் வருகிறது, பழக வேண்டும். தவிர, கூட்டம் என்றால் எனக்கு எப்படி என்று உனக்குத் தெரியும்.

ஒன்று கேட்கிறேன். படகுக்காரி எந்த மாடியில் இறங்கினாள், யாரோடு சண்டை போட்டாள் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறாய். ஐந்து புத்தகம் ஆகிவிட்டது, ஒன்றைக்கூட எனக்கு அனுப்பியதில்லை. அவள் பார்க்க எப்படி இருப்பாள்?

உடம்பைப் பார்த்துக்கொள்.

தங்கை


ஏப்ரல் 16

சின்னவளுக்கு,

மருந்து சாப்பிடுகிறேன். கசக்கிறது. நீயும் உன் வீட்டுக்காரரும் நலம் என்று எடுத்துக்கொள்கிறேன், நீ எழுதாவிட்டாலும்.

சந்தை முடிந்தது. கால் வீங்கியிருக்கிறது. காலையில் கம்பித் தட்டியை நிறுத்திக் கிளிப்பில் படங்களைத் தொங்கவிட்டு முடிப்பதற்குள் கதவைத் திறந்துவிட்டார்கள். பக்கத்து மேசையில் ஒரு தாடிக்காரர். எல்லோருக்கும் தெரிந்த வீரர்களைச் சாவிக்கொத்தில் மாட்டி விற்கிறார். அவர் மேசையில் கூட்டம். என்னிடம் வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வி: “இது எந்தப் படத்துல வர்ற கேரக்டர்?”

“எந்தப் படத்திலயும் வரலை. என் புத்தகத்துல வருது.”

“ஓ…” என்று இழுத்துக்கொண்டே பின்னால் நகர்வார்கள். சிலர் வாங்காமல் போனில் படம் பிடித்துக்கொண்டு போவார்கள். ஒருவன், “பாட்டி, இது கம்ப்யூட்டர் போட்டதா?” என்றான். பேனாவை எடுத்து அவன் கண்ணெதிரே அவன் மூக்கை வரைந்து கொடுத்தேன். உள்ளதைவிடக் கொஞ்சம் பெரிதாகவே வரைந்தேன். தாடிக்காரர் சிரித்துச் சிரித்துச் சாவிக்கொத்தைக் கொட்டிவிட்டார்.

ஆனால் சின்னவளே, மாலையில் சிலர் தேடிக்கொண்டு வந்தார்கள். ஐந்து புத்தகமும் படித்தவர்கள். அதில் ஒரு பெண் படகுக்காரி மாதிரியே வேஷம் கட்டியிருந்தாள். கையில் துடுப்புகூட. எனக்குப் பேச்சு வரவில்லை. எனக்குப் பேச்சு வரவில்லை என்றால் உனக்குப் புரியும்.

புத்தகம் கேட்டிருந்தாய். தபாலில் முனை மடங்கிவிடும். நேரில் வந்தால் தருகிறேன்.

உன் அக்கா


மே 2

அக்காவுக்கு,

நான் நலமாக இல்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கவும் இன்று மனம் இல்லை.

நேற்று கடைக்கு ஒரு பெண் வந்தாள். கல்லூரிப் பெண். மூக்குக்கண்ணாடியின் காதுக்கம்பி தளர்ந்துவிட்டது, இறுக்க வேண்டும் என்றாள். நிமிர்ந்து பார்த்தேன். கன்னத்தில், கண்ணுக்குக் கீழிருந்து தாடை வரை, ஒரு தழும்பு. முக்கோணமாக, நுனி வளைந்து. கண்ணாடி பார்த்த மாதிரி இருந்தது. கையில் இருந்த திருகாணி கீழே விழுந்துவிட்டது.

“எப்படிம்மா ஆச்சு?” என்று கேட்டேன். என்னை யார் கேட்டாலும் எரிந்து விழும் கேள்வி. நானே கேட்டேன்.

“ஐயோ, நிஜம் இல்லைம்மா! மேக்கப். எங்க காலேஜ்ல வேஷப் போட்டி. படகுக்காரின்னு ஒரு புத்தகம், உங்களுக்குத் தெரியாது” என்று சிரித்தாள். அந்தத் தழும்பு எப்படி வந்தது என்பது அவர்களுக்குள் பெரிய சண்டையாம். ஒருத்தன் ராட்சச மீன் கடித்தது என்கிறானாம். இன்னொருத்தி, காதலன் வீசிய கத்தி என்கிறாளாம்.

இஸ்திரிப் பெட்டி என்று நான் சொல்லவில்லை. எனக்கு ஆறு வயதில், மேசையிலிருந்து, யார் மேலும் தப்பில்லாமல் விழுந்த ஒரு இஸ்திரிப் பெட்டி.

இந்தக் கடையில் கவுன்ட்டரை எப்படிப் போட்டிருக்கிறேன் தெரியுமா? என் வலது பக்கம் சுவர். வருகிறவர்களுக்கு என் இடது பக்கம் மட்டும்தான். வீட்டில் கல்யாணப் படம்கூடப் பக்கவாட்டில் எடுத்ததுதான். வாழ்நாள் முழுக்க நான் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்ததை நீ தட்டியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருக்கிறாய். யாரைக் கேட்டு? புத்தகம் ஏன் அனுப்பவில்லை என்று இப்போது தெரிகிறது. தபாலில் முனை மடங்குமாம்!

அதை எடுத்துவிடு. அவள் படகு ஓட்டட்டும், மலை ஏறட்டும். கன்னத்தில் இருப்பதை எடுத்துவிடு.

தங்கை


மே 9

சின்னவளுக்கு,

நீ கேட்காவிட்டாலும் எழுதுகிறேன்: இருமல் குறைந்திருக்கிறது. உன் முழங்காலை இந்தக் கோபத்தில் மறந்துவிடாதே.

எடுக்க மாட்டேன்.

திட்டு, கேட்டுக்கொள்கிறேன். உன் முகம் உன்னுடையதுதான். ஆனால் அதை நான் பார்த்தது என்னுடையது. அதை நீ திருப்பிக் கேட்க முடியாது. நான் அவளை முதன்முதலில் ஒரு ரசீதின் பின்னால் வரைந்தபோது கன்னத்தில் அது தானாக வந்தது. யோசித்துப் போடவில்லை. அது இல்லாமலும் வரைந்து பார்த்தேன், சோப்பு விளம்பரத்தில் வருகிறவள் மாதிரி இருந்தாள். அவளைப் படகில் ஏற்ற எனக்கு விருப்பம் இல்லை.

உன்னிடம் கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாய். அதனால்தான் கேட்கவில்லை. இதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

வீட்டுக்காரரைக் கேட்டதாகச் சொல்.

உன் அக்கா


ஜூலை 11

சின்னவளுக்கு,

பதில் இல்லை. போன் அடித்தால் எடுக்கவும் இல்லை. கடையில் அவ்வளவு கூட்டமா?

முழங்காலுக்கு ஏதோ உறை போட்டுக்கொண்டால் நல்லது என்று தாடிக்காரர் சொன்னார். அவர் அம்மா போட்டுக்கொள்கிறாராம். ஒன்று வாங்கி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். சிறியதாக இருந்தால் எழுது, பெரிதாக இருந்தாலும் எழுது. ஏதாவது எழுது.

ஆறாவது புத்தகம் ஆரம்பித்திருக்கிறேன். தண்ணீர் வடியத் தொடங்குகிறது. படகு தரைதட்டப் போகிறது. அதற்கப்புறம் அவள் என்ன செய்வாள் என்று எனக்கே தெரியவில்லை.

உன் அக்கா


ஜூலை 30

அக்காவுக்கு,

நலம். உறை சரியாக இருக்கிறது.

அவள் கன்னத்திலிருந்து அதை எடுத்தபிறகு எழுது. அதுவரை வேண்டாம்.

தங்கை


செப்டம்பர் 19

சின்னவளுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். எடுக்காமலேயே எழுதுகிறேன். படிக்காமல் வைத்துவிடுவாய் என்றால் இதை மட்டும் படித்துவிட்டு வை.

பெரிய பதிப்பகத்திலிருந்து ஒரு அம்மா வீட்டுக்கே வந்தார். இப்போதுதான் முடித்த ஆறாவதோடு சேர்த்து ஆறு புத்தகத்தையும் வண்ணத்தில், கெட்டி அட்டையில் போட்டு எல்லாக் கடைகளுக்கும் அனுப்புகிறார்களாம். இத்தனை வருஷம் நான் ஊசியில் நூல் கோத்துத் தைத்தது போதும் என்றார். டெலிபோன் ஆபீஸில் என் படங்களைப் பார்த்து, “கவுன்ட்டர் வேலையை ஒழுங்காப் பாரும்மா” என்று சொன்னவர்கள் எல்லாம் கடை வாசலில் பார்ப்பார்கள். எனக்கு அது வேண்டும். ஆசை இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

ஒரே ஒரு நிபந்தனை. கன்னத்தில் இருப்பது வேண்டாமாம். “முகம் சுத்தமா இருந்தா எல்லாருக்கும் பிடிக்கும்மா” என்றார். அக்டோபர் சந்தையில், ஞாயிற்றுக்கிழமை, மேசைக்கு வருகிறார். அங்கே பதில் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.

நீ கேட்டதையேதான் அவரும் கேட்கிறார். உனக்கு இது நல்ல செய்தி என்று நினைத்தேன். அதனால் எழுதினேன்.

மழைக்காலம் வருகிறது. கடைக்குள்ளும் கழுத்தை மூடிக்கொள்.

உன் அக்கா


அக்டோபர் 24

அக்காவுக்கு,

உன் உடம்பு எப்படி என்று கேட்க வேண்டியதில்லை. பார்த்துவிட்டேன். மெலிந்திருக்கிறாய். இருமலும் குறையவில்லை.

ஆமாம், வந்தேன். லென்ஸ் வாங்கப் போகிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டு ரயில் ஏறினேன். ‘சுத்தமா’ என்ற அந்த வார்த்தைதான் என்னைக் கிளப்பியது. நான் முதல் வேலைக்குப் போனபோது முதலாளி சொன்ன வார்த்தை. “முகம் சுத்தமா இருக்கறவங்களத்தான் முன்னாடி உட்கார வைப்போம்மா, நீங்க உள்ளே லென்ஸ் தேய்ங்க.” நான் கேட்டதும் அதையேதானா என்று ரயில் முழுக்க யோசித்துக்கொண்டு வந்தேன்.

முகத்தைச் சால்வையால் மூடியிருந்தேன். வாசலில் காவலுக்கு நின்றவர், “மூஞ்சியைக் காட்டிட்டுப் போங்கம்மா” என்றார். எடுத்தேன். எப்போதும் எல்லோரும் சட்டென்று வேறு பக்கம் பார்ப்பார்களே, அப்படிப் பார்ப்பார் என்று நின்றேன். “அட, படகுக்காரி! துடுப்பு எங்கேம்மா?” என்றார்.

உள்ளே போனால், அக்கா, என்னோடு படம் எடுத்துக்கொள்ள வரிசை. நான் வேஷம் போடவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. என் வலது பக்கம் வந்து நின்று யாரும் என்னோடு படம் எடுத்ததில்லை. முதுகில் இறக்கை கட்டிய ஒரு பெண் கிட்டே வந்து உற்றுப் பார்த்தாள். “செம மேக்கப்ம்மா, நிஜம் மாதிரியே இருக்கு! என்ன ஒட்டினீங்க? ஆனா சைடு மாறிப்போச்சு. அவங்களுக்கு இடது கன்னம்.”

குழந்தை தெரியாமல் சொல்கிறது என்று நினைத்துச் சிரித்தேன்.

உன் மேசைக்கு எதிரே தூண் பக்கம் நின்றேன். பதிப்பக அம்மா வந்தார். நீ எழுந்திருக்கக்கூட இல்லை.

“என்னம்மா முடிவு பண்ணீங்க?”

“தழும்பு போகாது.”

“கொஞ்சம் யோசிங்கம்மா. முகம் சுத்தமா இருந்தா—”

“முகம் சுத்தமாத்தான் இருக்கு. நீங்க கண்ணைத் தொடைச்சுக்குங்க.”

அவர் போனதும் தாடிக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். “மூணாவது பதிப்பகம்! போன வருஷம் ஒருத்தர், அதுக்கு முன்னாடி ஒருத்தர். இந்தம்மாவுக்கு என்னதான் பிடிவாதமோ!”

மூன்றாவது. இதை நீ எனக்கு எழுதவே இல்லை.

அப்போது தூணை விட்டு நகர்ந்தேன். இரண்டாவது நாற்காலியில் பை இருந்தது. அதை நானே எடுத்துக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிடலாம் என்றுதான் வந்தேன். நிமிர்ந்து, உன் தலைக்கு மேலே தொங்கிய பெரிய படத்தைப் பார்த்தேன்.

இடது கன்னம்.

இறக்கைப் பெண் சொன்னது சரி. உன் ஆறு புத்தகத்தையும் வாங்கி விற்கிற இன்னொரு மேசையில் எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்துவிட்டேன். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை இடது கன்னம். எனக்கு வலது, அக்கா. வாழ்நாள் முழுக்க வலது. எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாத ஒன்றுக்காகவா மூன்று பேரைத் திருப்பி அனுப்பினாய்? என் முகத்தை எடுத்து விற்றாய் என்று சண்டை போட்டேன். நீ என் முகத்தைப் பார்த்ததே இல்லை என்பது எனக்கு அதைவிட வலிக்கிறது.

அடுத்த ரயிலில் திரும்பிவிட்டேன்.

தங்கை


நவம்பர் 6

சின்னவளுக்கு,

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். பிறகு உட்கார்ந்தேன். பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்கு இருமல் காரணம் இல்லை.

தூண் பக்கம் நீ நின்றதைப் பார்த்தேன். நீ வருவாய் என்று நினைக்கவே இல்லை, யாரோ வேஷம் கட்டிய பெண் என்று நினைத்தேன். நரை அப்படியே இருக்கிறது, நிற்பதும் அப்படியே இருக்கிறது, தழும்பை மட்டும் கவனமில்லாமல் பக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாளே என்று எனக்கு எரிச்சல்கூட வந்தது. அந்த எரிச்சலில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நான் வரைந்ததை வைத்து உன்னைத் தப்பு என்றேன். இதை உன்னிடம் மறைக்க நினைத்தேன், முடியவில்லை.

மேசையில் உட்கார்ந்து அவளுக்கு வலது கன்னத்தில் போட்டுப் பார்த்தேன். திரும்பத் திரும்பப் போட்டேன். தாளில் யாரோ ஒருத்தி வந்தாள். கை ஏன் இப்படி அடம்பிடிக்கிறது என்று புரியாமல் எழுந்து போய்க் குளியலறையில் முகம் கழுவினேன். நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தபோதுதான் புரிந்தது.

உனக்குக் காயம் ஆறியபிறகு அம்மா வீட்டுக் கண்ணாடியைச் சுவர்ப் பக்கம் திருப்பி மாட்டிவிட்டாள். நான் அதை நேராக்கினேன். மறுபடி திருப்பினாள், மறுபடி நேராக்கினேன். அதற்கு நான் அடி வாங்கியது உனக்கு நினைவிருக்காது, நீ சின்னப் பெண். கடைசியில் அம்மா விட்டுவிட்டாள். அப்புறம் நீ பள்ளி முடிக்கும்வரை தினமும் காலையில் அந்தக் கண்ணாடி முன்னால்தான் உனக்குத் தலை பின்னிவிட்டேன். நீ ஸ்டூலில், நான் உன் பின்னால். நீ தரையைப் பார்த்துக்கொண்டிருப்பாய், நிமிர மாட்டாய். எதிரே வந்து பார்த்தால் கையால் மூடிக்கொள்வாய். பின்னால் நின்று கண்ணாடியில் பார்த்தால் உனக்குத் தெரியாது. அதனால் அங்கேயே பார்த்தேன். பின்னல் முடிந்தபிறகும் பிரித்து மறுபடி பின்னுவேன். ‘ஏன்க்கா இவ்வளவு நேரம்’ என்பாய். கோணலாகிவிட்டது என்பேன்.

கண்ணாடிக்குள் உன் வலது கன்னம் என் வலது கைப் பக்கமே தெரியும், அதே முகத்தைத் தாளில் அப்படியே இறக்கினால் அவளுக்கு அது இடது கன்னம். இதை யாராவது எனக்குச் சொல்லித்தந்திருக்கலாம். யாரும் எனக்கு எதுவும் சொல்லித்தரவில்லை.

உன் முகத்தைப் பார்த்ததே இல்லை என்று எழுதினாய். உன் முகத்தை உன்னைவிட அதிகமாகப் பார்த்தவள் நான்தான். ஆனால் நேருக்கு நேர் பார்த்ததில்லை. அது உண்மை. அதை நீ கண்டுபிடித்துவிட்டாய்.

படகுக்காரியை மாற்றப் போவதில்லை. இனி நீ கெஞ்சினாலும் மாற்ற மாட்டேன். அவள் அந்தக் கண்ணாடியில் இருந்தவள், அவளுக்கு இடது கன்னம்தான். உன்னை வரைய வேண்டுமானால் நீ எதிரே உட்கார வேண்டும். நான் கேட்கிறேன். இந்தத் தடவை முதலில் கேட்கிறேன்.

பிப்ரவரியில் மறுபடி சந்தை இருக்கிறது. இரண்டு நாற்காலி தருவார்கள்.

உறை பழசாகியிருந்தால் சொல், வேறு வாங்கி வைக்கிறேன்.

உன் அக்கா


டிசம்பர் 1

அக்காவுக்கு,

நான் நலம். முழங்கால் நலம். உன் இருமலை நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

நீ என்னைக் கேட்காமல் செய்ததை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. உட்கார்ந்துகொண்டு அதைப் பற்றிச் சண்டை போட நிறைய இருக்கிறது.

நேற்று கடையில், மூடும் நேரத்தில், ஆளில்லாதபோது, கவுன்ட்டரைச் சுவரிலிருந்து கொஞ்சம் இழுத்துப் போட்டேன். கொஞ்சம்தான். கனமாக இருக்கிறது.

பிப்ரவரியில் பையைக் கீழே வை. நாற்காலியை உன் பக்கத்தில் போடாதே, எதிரே போடு. வாங்க வருகிறவர்களுக்கு மறைக்குமே என்பாய். மறைக்கட்டும்.

தங்கை